எகிப்தின் முஹம்மது அலி பாஷா: ஆட்சியும் பொருளாதாரமும் தரும் படிப்பினை

கெய்ரோ மாநகருக்குச் சென்று வந்தோர் அந்நகரின் மலைக்கோட்டை மீது ஓங்கி நிற்கும் பெரிய பள்ளிவாசலைக் கண்டிருப்பர். 1830ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பட்ட அப்பள்ளியின் உள்ளே அதனைக் கட்டுவித்தவரே அடங்கியிருக்கிறார். அவர்தாம் முஹம்மது அலி பாஷா. நவீன எகிப்தின் தந்தை என்று வரலாற்றாசிரியர் பலரால் போற்றப்படுபவர். கொடுங்கோலர் என்று சிலரால் தூற்றப்படுபவர். இவ்விரண்டுக்கும் காரணம் உண்டு. ஒரு நாட்டின் பொருளாதாரக் கொள்கை அதன் அரசியல் வலிமையை எவ்வாறு ஆக்கும், எவ்வாறு அழிக்கும் என்பதற்கு இவருடைய வாழ்வைவிடத் தெளிவான சான்று அரிது. ஆகவே அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் எகிப்து வருகையும்

முஹம்மது அலி 1769ஆம் ஆண்டு, அன்று உஸ்மானியப் பேரரசின் ஆட்சியிலிருந்ததும் இன்று கிரேக்க நாட்டில் உள்ளதுமான கவாலா என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். புகையிலை வணிகத்தில் ஈடுபட்டார். பள்ளிக் கல்வி பெறாத அவர், நாற்பது வயதையொட்டியே எழுதப் படிக்கக் கற்றார் என்பர்.

1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தார். பிரெஞ்சுக்காரரை வெளியேற்ற உஸ்மானிய சுல்தான் அனுப்பிய படையில், தம் ஊரிலிருந்து திரட்டப்பட்ட சிறு பிரிவின் துணைத் தலைவராக முஹம்மது அலி 1801இல் எகிப்து வந்து சேர்ந்தார். பிரெஞ்சுப் படை வெளியேறிய பின்னர், சுல்தானின் ஆளுநர்களும் பழைய மம்லூக் தலைவர்களும் அதிகாரத்திற்காக மோதிக்கொண்டனர். வரிச்சுமையும் படைவீரரின் கொள்ளையும் மக்களை வாட்டின.

மக்கள் அளித்த ஆட்சி

அந்நிலையில் 1805ஆம் ஆண்டு கெய்ரோவின் உலமாக்களும் வணிகரும் பொதுமக்களும் ஒன்றுதிரண்டு, அப்போதிருந்த ஆளுநரை நீக்கிவிட்டு முஹம்மது அலியை ஆளுநராக்கினர். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் நபிவழித் தோன்றல்களின் தலைவராக விளங்கிய உமர் மக்ரம் அவர்கள். மக்களின் விருப்பத்தைச் சுல்தானும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது.

இரண்டே ஆண்டுகளில் ஒரு சோதனை வந்தது. 1807இல் ஆங்கிலப் படை அலெக்சாந்திரியாவில் இறங்கியது. முஹம்மது அலி அப்போது தென் எகிப்தில் மம்லூக்குகளுடன் போரிட்டுக்கொண்டிருந்தார். ஆயினும் ரஷீது நகரின் காவற்படையும் ஊர்மக்களும் சேர்ந்து தெருத்தெருவாகப் போராடி ஆங்கிலேயரை விரட்டினர். கெய்ரோவில் உமர் மக்ரம் மக்களைத் திரட்டி அரண்பணிகளில் ஈடுபடுத்தினார். ஆளுநர் தலைநகரில் இல்லாத நேரத்திலும் மக்கள் நாட்டைக் காத்தனர். இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலமும் வக்ஃபும்

ஆட்சி நிலைபெற வேண்டுமாயின் படை வேண்டும்; படைக்குப் பணம் வேண்டும். எகிப்தில் பணம் என்பது நிலத்திலிருந்து வருவது. அந்நிலவரியோ இடைத்தரகர்களின் கையில் இருந்தது. அரசுக்கு ஒரு தொகையைச் செலுத்திவிட்டு, உழவரிடம் தாம் விரும்பியதை வசூலிக்கும் குத்தகை முறை அது. முஹம்மது அலி 1814ஆம் ஆண்டளவில் அம்முறையை ஒழித்தார். நிலங்களை அளந்து பதிவு செய்து, வரியை அரசே நேரடியாக வசூலிக்கச் செய்தார்.

ஆனால் அவர் கை அத்துடன் நிற்கவில்லை. பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் அறப்பணிகளுக்கும் உரிய மானிய விளைநிலங்கள் மீதும் 1809இல் வரி விதிக்கப்பட்டது. எதிர்த்துக் குரல் கொடுத்த உமர் மக்ரம் அதே ஆண்டில் திம்யாத்துக்கு நாடு கடத்தப்பட்டார். தம்மை அரியணையில் அமர்த்தியவரையே அவர் அகற்றினார். பின்னர் அந்நிலங்களுள் பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொண்டது. அதுவரை தம் சொந்த வருவாயில் தலைநிமிர்ந்து நின்ற உலமாக்கள் அரசின் கருவூலத்தை எதிர்பார்ப்பவர் ஆயினர். 1811 மார்ச்சு முதல் நாளில் மம்லூக் தலைவர்கள் கோட்டை விழாவுக்கு விருந்தினராக அழைக்கப்பட்டு, வாயிலை அடைத்து நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். எதிர்ப்போர் எவரும் எஞ்சவில்லை.

பருத்தியும் ஆலைகளும்

இதன்பின் நாடு முழுவதும் ஒரே வணிக நிறுவனம்போல் ஆனது. விளைபொருளை உழவரிடமிருந்து அரசு தானே குறித்த விலைக்கு வாங்கி, ஐரோப்பிய வணிகருக்கு மிகுந்த விலைக்கு விற்றது. நெப்போலியப் போர்க்காலத்தில் ஸ்பெயினில் போரிட்ட ஆங்கிலப் படைக்கு எகிப்தின் கோதுமை சென்றது. 1820ஐ ஒட்டி ஜுமேல் என்னும் பிரெஞ்சுக்காரர் நீண்ட இழையுடைய உயர்ந்த பருத்தி வகையைக் கண்டெடுத்தார். அதன் பயனை உடனே உணர்ந்த பாஷா அதனைப் பெருமளவில் பயிரிடச் செய்தார். சில ஆண்டுகளிலேயே பருத்தி எகிப்தின் தலையாய ஏற்றுமதியாயிற்று.

அவ்வருவாயைக் கொண்டு ஏறத்தாழ 30 நூற்பாலைகள், கப்பல் கட்டும் துறை, ஆயுதச் சாலைகள் ஆகியவற்றை நிறுவினார். படைவீரர் அணியும் துருக்கித் தொப்பிக்கும் ஃபுவ்வா என்னும் ஊரில் தனி ஆலை எழுந்தது. பூலாக்கில் அச்சகமும், 1827இல் மருத்துவக் கல்லூரியும் தோன்றின. 1826இல் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாரிசுக்குக் கல்வி கற்க அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு இமாமாகச் சென்ற ரிஃபாஆ அத்தஹ்தாவி, பிற்காலத்தில் பெரும் அறிஞராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் விளங்கினார். இவ்வளவையும் வெளிநாட்டாரிடம் அரசுக் கடன் பத்திரம் எழுதிக் கொடுக்காமலேயே பாஷா செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மக்கள் பட்ட துன்பம்

இப்பெருமையின் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. அலெக்சாந்திரியாவை நைல் நதியுடன் இணைக்கும் மஹ்மூதிய்யா கால்வாய் 1817 முதல் 1820 வரை வெட்டப்பட்டபோது, கட்டாய உழைப்புக்குப் பிடித்துவரப்பட்ட உழவருள் ஆயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அக்கால வரலாற்றாசிரியர் அல்ஜபர்த்தி மக்களின் துயரை அஞ்சாது எழுதி வைத்தார். படைக்கு ஆள் பிடிப்பதற்கு அஞ்சி உழவர் பலர் தம் விரலைத் தறித்துக்கொண்டனர். கண்ணைக் கெடுத்துக்கொண்டோரும் உண்டு. உழவன் விளைத்தது அவனுக்கில்லை. ஆலை நெய்தது ஊருக்கில்லை. யாவும் பாஷாவின் படைக்கே சென்றன.

ஒப்பந்தம் பறித்த வலிமை

அப்படை சூடானையும் ஹிஜாஸையும் கடந்து சிரியாவையும் வென்றது. 1832இல் கோனியாவிலும் 1839இல் நிஸீபிலும் சுல்தானின் படைகளையே பாஷாவின் மகன் இப்ராஹீம் முறியடித்தார். இந்தியாவுக்குச் செல்லும் வழியில் வலிய அரசொன்று எழுவதைப் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் விரும்பவில்லை.

1838ஆம் ஆண்டு பிரிட்டன் சுல்தானுடன் பால்டா லிமான் என்னுமிடத்தில் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது. உஸ்மானிய ஆட்சிப் பகுதிகள் அனைத்திலும் அரசின் தனியுரிமை வணிகம் ஒழிய வேண்டும். இறக்குமதிப் பொருள்களுக்கு மொத்தம் 5 விழுக்காடே தீர்வை. ஏற்றுமதிக்கோ 12 விழுக்காடு. அயலான் சரக்குக்குக் குறைந்த வரி, உள்நாட்டான் சரக்குக்கு மிகுந்த வரி! சட்டப்படி எகிப்தும் சுல்தானின் மாகாணமே ஆதலால் பாஷாவின் கருவூலத்தின் ஆணிவேரையே இவ்வொப்பந்தம் குறிவைத்தது.

பாஷா இணங்கத் தாமதித்தார். 1840 ஜூலையில் பிரிட்டன், ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா ஆகிய நான்கு வல்லரசுகளும் சுல்தானுடன் இலண்டனில் கூடி அவரை அடக்க முடிவு செய்தன. பெய்ரூத்தும் அக்காவும் கடற்படைக் குண்டுகளுக்கு இரையாயின. 1807இல் ரஷீது மக்கள் செய்ததுபோல் சிரிய மக்கள் எழுந்தனரா? எழுந்தனர், ஆனால் பாஷாவுக்கு எதிராக! கட்டாயப் படைச்சேர்ப்பால் வெறுப்புற்றிருந்த லெபனான் மலைவாழ் மக்கள் அவருடைய படைக்கு எதிராகவே கிளர்ச்சி செய்தனர்.

1841இல் வழிவழியாக எகிப்தை ஆளும் உரிமை மட்டும் அவர் குடும்பத்திற்குக் கிடைத்தது. படை 18,000 வீரருக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டது. படை சுருங்கவே ஆலைகளின் முதன்மை வாடிக்கையாளரும் மறைந்தார். நிலக்கரி இன்றி எருதுகளால் பெரும்பாலும் இயங்கிவந்த ஆலைகள், மலிந்து குவிந்த ஆங்கிலத் துணிகளுக்கு ஈடுகொடுக்க இயலாமல் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மறைவும் பின்விளைவும்

மூப்பினால் மனம் தளர்ந்த பாஷா 1849 ஆகஸ்டு 2இல் அலெக்சாந்திரியாவில் மறைந்தார். எகிப்து பருத்தியை விளைத்து ஏற்றுமதி செய்யும் நாடாகவே நின்றது. அவருடைய வழித்தோன்றல்கள் அவர் தவிர்த்த கடனைத் தேடிச் சென்றனர். பேரர் இஸ்மாயீல் காலத்தில், 1876அளவில் கடன் ஏறத்தாழ 9 கோடி பவுனை எட்டியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே சூயஸ் கால்வாயில் எகிப்துக்கிருந்த பங்குகள் சுமார் 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டனிடம் விற்கப்பட்டிருந்தன. கடன் கொடுத்தோர் கணக்குப் பார்க்க வந்தனர். 1882இல் ஆங்கிலப் படையும் வந்தது. 1807இல் விரட்டப்பட்டவர்கள் இம்முறை திரும்பிச் செல்லப் பல பத்தாண்டுகள் ஆயின.

நமக்குள்ள படிப்பினை

முஹம்மது அலி பாஷா உழைப்பாளி, தொலைநோக்குடையவர், கல்வியின் அருமை உணர்ந்தவர். தொழில் இல்லாத நாடு பிறர் கைக்கு அடிமை என்பதை அவர் தம் காலத்தார் பலருக்கு முன்பே அறிந்திருந்தார். ஆனால் பணம் வரும் வழிகள் அனைத்தையும் தம் ஒரு கைக்குள் அடக்கியபோது, தம்முடன் நிற்கக்கூடிய கைகளையெல்லாம் வெட்டிவிட்டார். உலமாக்களின் வக்ஃபு வருவாய், வணிகரின் முதல், உழவரின் விளைச்சல் ஆகிய மூன்றும் அவரவரிடமே ஓரளவேனும் இருந்திருப்பின், அயலார் எழுதிய ஓர் ஒப்பந்தத்தைத் தடுக்க நாட்டில் ஆள் இருந்திருப்பர்.

பொதுச் சொத்தையும் பொது வருவாயையும் ஒருவர் பொறுப்பில் விட்டு, கேட்பாரின்றி இருப்பது எளிது. ஒருவர் எத்துணை வல்லவராயினும் அது நிலைக்காது என்பதே இவ்வரலாறு கூறுவது. சிறியதாயினும் ஒரு பொது நிதியை நிர்வகிக்கும் நாமும், ஆண்டுக் கணக்கைச் சபையில் வைக்கும் இவ்வேளையில் இதனைச் சிந்தித்தல் நலம்.