எழுத்தின் பொருட்டு உயிர் கொடுத்தவர்

மே தினத்தைக் கொண்டாடுவோர் உலகிற் பலர். அத்தினத்தின் வரலாற்றோடு தம் உயிரையும் பிணைத்துச் சென்ற ஓகஸ்ட் ஸ்பீஸ் என்னும் பத்திரிகாசிரியரின் வாழ்வை அறிந்தோர் சிலரே.

ஜேர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில், காட்டிலாகா உத்தியோகத்தர் ஒருவரின் மகனாக 1855ஆம் ஆண்டு ஸ்பீஸ் பிறந்தார். தந்தையார் மறைந்தபின், 1872இல் அமெரிக்கா சென்று, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கும் தொழிலைக் கற்றார். சிக்காகோ நகரிற் சொந்தக் கடையும் வைத்தார். 1877இல் ரயில்வே வேலைநிறுத்தம் துப்பாக்கிமுனையில் அடக்கப்பட்ட காலத்திலே சோஷலிசக் கட்சியிற் சேர்ந்தார். பின்னர், ஜேர்மன் குடியேறிகளின் நாளிதழான 'ஆர்பைட்டர் சைத்துங்'கின் நிர்வாகியாகி, 1884இல் அதன் ஆசிரியருமானார்.

எட்டு மணி நேர வேலை கோரி 1886 மே முதலாந் திகதி தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். மூன்றாந் திகதி, மக்கோர்மிக் தொழிற்சாலைக்கு அருகில் ஸ்பீஸ் பேசிக்கொண்டிருக்கையிற் பொலிசார் தொழிலாளரைச் சுட்டனர். உள்ளங் கொதித்து அவர் எழுதிய துண்டுப்பிரசுரத்தின் தலைப்பிலே பழிவாங்கல் என்ற சொல்லும் அச்சேறியது. அதனைத் தாம் எழுதவில்லையென்றும், அச்சுக்கோப்பவரே சேர்த்தாரென்றும் அவர் பின்னர் கூறினார். மறுநாள் ஹேமார்க்கெட் கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வருமாறு அழைத்த அறிவித்தலைக் கண்டதும், அவ்வரியை நீக்கினாலன்றித் தாம் பேசப்போவதில்லையென மறுத்தார், வரி நீக்கப்பட்டது.

அன்றிரவு நகர மேயரே வந்து பார்த்து, கூட்டம் அமைதியானதென்று கண்டு திரும்பினார். அதன் பின்னரே பொலிசார் அணிவகுத்து வந்தனர்; எவரோ குண்டு வீசினார். பொலிசாரில் எழுவரும் பொதுமக்களிற் சிலரும் மாண்டனர். வீசியவர் யாரென்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

ஆயினும் எண்மர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். ஸ்பீஸின் பத்திரிகை வன்முறையைப் போற்றி எழுதியதுண்டு; அதை மறைத்தல் நேர்மையன்று. ஆனால், குண்டெறிந்தவருக்கும் அவருக்குமிடையே தொடர்பு காட்டப்படாத நிலையில், எழுத்தும் பேச்சுமே அவர்மீது பெருஞ்சான்றாக நின்றன. 1887 நவம்பர் 11ஆந் திகதி, மற்றும் மூவரோடு அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 31.

இரண்டாண்டுகளின் பின் பாரிஸிற் கூடிய சோஷலிச மாநாடு, 1890 மே முதலாந் திகதியை எட்டு மணி நேர வேலைக்கான உலகப் போராட்ட நாளாக்கியது. 1893இல், தாமும் ஜேர்மனியிற் பிறந்தவரான இல்லினோய் மாநில ஆளுநர் அல்ட்கெல்ட், அவ்விசாரணை நீதியற்றதென அறிவித்து, சிறையிலிருந்த மூவரை விடுவித்தார். அதனாற் கடுங்கண்டனத்துக்கு ஆளான அவர் அடுத்த தேர்தலிலே தோற்றார். ஸ்பீஸுக்கோ அந்நீதி ஐந்தரை ஆண்டுகள் பிந்தி வந்தது.