காத்திருக்கத் தெரிந்த தத்துவ போதகர்



ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலுக்குப் போகிறோம், பூசை காண்கிறோம், குருவிடம் ஆசீர்வாதம் பெறுகிறோம். கோவில், பூசை, குரு, வேதம், பிரசாதம் என்னும் சொற்கள் நம் வாயில் தங்குதடையின்றி வருகின்றன. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் இச்சொற்களை நம் ஞான வாழ்வின் வழக்கத்திற்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சேசு சபைக் குருவாகிய ராபர்ட் தே நோபிலி சுவாமி. நம் நாட்டில் அவருக்குத் தத்துவ போதகர் என்று பெயர். 1656-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி அவர் உயிர்விட்ட இடம் மயிலாப்பூர். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நமக்கு அது பஸ் ஏறிப் போகும் தூரந்தான். இந்த மகான் செய்த காரியங்களைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவர் காத்திருந்த விதத்தை இவ்வாரம் தியானிப்போம்.

அவர் 1577-ல் இத்தாலி தேசத்தில் பிரபு குடும்பமொன்றில் பிறந்தவர். பாப்பரசர் ஒருவரும் கர்தினால்மார்களும் அந்தக் குடும்பத்துக்கு உறவு. வீட்டார் அவருக்கு வேறு உயர்வுகளை எண்ணியிருக்க, அவரோ சேசு சபையில் சேர்ந்து, 1605-ல் கோவாவில் வந்து இறங்கினார். மறு ஆண்டு நவம்பரில் மதுரையை அடைந்தார்.

மதுரையில் அப்போது கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் வயது முதிர்ந்த குரு இருந்தார். பள்ளிக்கூடம் நடத்தி, நோயாளிகளையும் கவனித்து வந்த நல்லவர். ஆயினும் பதினொரு வருஷ உழைப்பில் மதுரையாரில் ஒருவரும் ஞானஸ்நானம் கேட்டு வரவில்லை. காரணத்தைத் தே நோபிலி சுவாமி கண்டுகொண்டார். கிறிஸ்தவ வேதம் என்றால் பறங்கியர் வேதம், அதில் சேர்வது பறங்கியராவது என்று ஜனங்கள் எண்ணியிருந்தார்கள். ஆகவே அவர் காவி உடுத்தினார். மாமிசம் விட்டு, நாளைக்கு ஒரு வேளை சோறும் கீரையும் உண்டார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்னும் பிராமணரிடம் சமஸ்கிருதமும் பயின்றார். குடிசையில் அமர்ந்து, வந்தவர்களோடு பொறுமையாய்த் தர்க்கித்தார். மூன்று நான்கு ஆண்டுகளில் சிறிய சபை ஒன்று உருவாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் சோதனை வந்தது. 1610-ல் பெர்னாந்தஸ் சுவாமியே அவர் மேல் முறையிட்டு எழுதினார். பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் அனுமதிப்பது வேதத்துக்கு விரோதம் என்று மேலாளர் சிலரும் கருதினார்கள். வேலைக்குத் தடைகள் வந்தன. ரோமாபுரியில் இருந்த அவருடைய உறவினர், பிற்காலத்தில் அர்ச்சிஷ்டராகிய பெல்லார்மின் கர்தினாலும் வதந்திகளைக் கேட்டு மனம் நொந்தார். விளக்கம் கிடைத்த பிறகே சமாதானமடைந்தார்.

அந்நாளில் ஐரோப்பாவுக்குக் கடிதம் போய்ப் பதில் வர ஏறக்குறைய இரண்டு வருஷமாகும். வழியில் கப்பல் மூழ்கினால் அதுவும் இல்லை. கைபேசியில் செய்தி அனுப்பி ஐந்து நிமிஷத்தில் பதில் காணாவிட்டால் கலங்குகிற நமக்கு இது விளங்குவது கடினம். இப்படிப் பதின்மூன்று வருஷம் அவர் காத்திருந்தார். முப்பத்திரண்டாம் வயதில் தொடங்கிய வழக்கு நாற்பத்தைந்தாம் வயதில் முடிந்தது. ஒரு மனிதனுடைய பலமுள்ள ஆண்டுகள் அவை.

அவர் அந்த ஆண்டுகளில் என்ன செய்தார்? மதுரையை விட்டு ஓடிப்போகவில்லை. மேலாளருக்கு எதிராகக் கட்சி சேர்க்கவில்லை. தமது நியாயத்தை 1613-லும் பின்னரும் லத்தீன் பாஷையில் விரிவாய், மரியாதையாய் எழுதி அனுப்பினார். அனுப்பிவிட்டு ஓலைச்சுவடிகளுக்குத் திரும்பினார். வந்தவருக்குப் போதித்தார். தமக்குப் பக்கபலமாய் நின்ற கிராங்கனூர் அதிமேற்றிராணியார் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டவரைச் சர்வேசுரன் தந்த துணையாகக் கண்டார்.

1619-ல் கோவாவில் கூடிய சங்கத்திலும் எதிர்ப்பே மிகுந்திருந்தது. கடைசியில் 1623-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி 15-ம் கிரகோரியார் பாப்பரசர் சில நிபந்தனைகளோடு அனுமதி அளித்தார். பெல்லார்மின் கர்தினால் அதைக் காண இருக்கவில்லை. அவர் 1621-லேயே மரித்துவிட்டார்.

தீர்ப்பு வந்த அதே ஆண்டில் தே நோபிலி சுவாமி கால்நடையாய் வடக்கே புறப்பட்டார். சேந்தமங்கலம், சேலம், திருச்சிராப்பள்ளி என்று அவருடைய போதகம் பரவிற்று. 1640-ல் மதுரையில் சிறையும் பட்டார். சும்மா உட்கார்ந்து ஆண்டுகளைக் கழித்தவருக்கு அனுமதி கிடைத்த உடனே இப்படி எழுந்து நடக்க இயலுமா? காத்திருந்த காலமே அவரை ஆயத்தம் செய்தது.

ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத்துச் சாதி வேற்றுமையை அவர் உடைக்க முற்படவில்லை. அதை நாட்டு வழக்கம் என்று எண்ணி, அதற்கு உட்பட்டே வேலை செய்தார். ஏழை எளிய சாதியாரிடையே உழைக்கப் பண்டாரசுவாமிகள் என்ற குருக்கள் 1640-ஐ ஒட்டி ஏற்பட்டார்கள். ஆனால் கோவிலுக்குள் சாதிப் பிரிவினை பிற்காலத்திலும் நீடித்து அநேகரைப் புண்படுத்தியது. பெரியவர்களின் புண்ணியத்தைப் பின்பற்றுவோம். அவர்கள் காலத்துக் குறையை நாம் தொடர வேண்டியதில்லை.

இனி அவருடைய கடைசிக் காத்திருப்பைப் பார்ப்போம். வயதும் நோயும் சேர்ந்து அவர் கண்பார்வையை ஏறக்குறைய முழுவதும் எடுத்துக்கொண்டன. மேலாளர் அவரை மதுரையை விட்டு யாழ்ப்பாணத்துக்கும், பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பினார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் உயிராய் நேசித்த மக்களைப் பிரிந்து, கண் தெரியாமல், எளிய குடிசையில் இருந்தார். முணுமுணுக்கக் காரணம் இருந்தது. ஆயினும் அவர் எழுத்து வேலையை விடவில்லை. கண் இல்லாத குறைக்குப் பிறர் கையைக் கொண்டு, சொல்லச் சொல்ல எழுதுவித்தார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் முதலிய நூல்கள் அவர் நமக்கு விட்டுச்சென்ற ஆஸ்தி. எழுபத்தெட்டாம் வயதில் ஆண்டவர் அவரை அழைத்துக்கொண்டார்.

பிரியமானவர்களே, நம் பங்கில் காத்திராத வீடு எது? தொழிற்பேட்டையில் நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் வாலிபன். மகளுக்கு வரன் அமையக் காத்திருக்கும் தகப்பன். ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் தாய். இரவு ஷிப்ட் முடிந்து வரும் கணவனுக்காக விளக்கை அணைக்காமல் இருக்கும் மனைவி. காத்திருக்கும் நேரம் வீண் நேரம் என்று நமக்குத் தோன்றுகிறது. அப்போது வாய் குறை சொல்லுகிறது, மனம் அடுத்த வீட்டாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, ஜெபம் சுருங்குகிறது.

தத்துவ போதகர் நமக்கு மூன்று காரியங்களைக் காட்டுகிறார். முதலாவது, அமைதி. சொல்ல வேண்டியதை உரியவரிடம் மரியாதையாய்ச் சொல்லிவிட்டுப் பிறகு மௌனமாயிருப்பது. இரண்டாவது, கைவேலை. பெரிய கதவு அடைபட்டிருக்கும்போது, இன்றைக்குச் செய்யக்கூடிய சிறிய கடமையை ஒழுங்காய்ச் செய்வது. மூன்றாவது, நன்றியறிதல். இல்லாததை எண்ணி ஏங்குவதோடு நில்லாமல், துணை நிற்கிறவர்களை எண்ணித் துதிப்பது. கண் போனபின்னும் அவருக்கு நாவு இருந்தது. கேட்டு எழுத ஒரு கை இருந்தது. அது போதும் என்று வேலையைத் தொடர்ந்தார்.

இவ்வாரம் ஒவ்வொரு குடும்பமும் இரவு ஜெபமாலைக்குப் பின் ஐந்து நிமிஷம் பேசாமல் இருங்கள். தொலைக்காட்சியும் கைபேசியும் அணைந்திருக்கட்டும். அதன்பின் தகப்பன் முதல் குழந்தை வரை ஒவ்வொருவரும் அன்று பெற்ற ஒரு நன்மையைச் சொல்லிச் சர்வேசுரனுக்குத் தோத்திரம் செய்யுங்கள். எதற்காகக் காத்திருக்கிறீர்களோ, அதைக் கடைசியில் அவர் பாதத்தில் வையுங்கள்.

அடுத்த ஞாயிறு கோவில் என்றும் பூசை என்றும் சொல்லும்போது, அச்சொற்களுக்காக உழைத்துக் காத்திருந்த அந்தக் குருவை நினைத்து, அவருடைய ஆத்துமத்திற்காக ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லுங்கள்.