காற்றை ஓட வைத்த கால்நடை மருத்துவர்



பால்மரத் தோட்டமானாலும் செம்பனைத் தோட்டமானாலும், செம்மண் ரோட்டில் நம்ம மோட்டார் சைக்கிள் எலும்பு நோகாமல் ஓடுகிறது என்றால், டயருக்குள் அடைபட்டுக் கிடக்கும் காற்றுதான் காரணம். அந்தக் காற்று டயரை உலகத்தின் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு மாட்டு வைத்தியர் என்றால் நம்புவீங்களா? அவர்தான் ஜான் பாய்ட் டன்லப்.

1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், ஸ்காட்லாந்தில் டிரெகார்ன் என்ற சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867-இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, பிறகு பெல்பாஸ்ட் நகரில் வைத்தியசாலை நடத்தினார். குதிரைக்கும் மாட்டுக்கும் மருந்து கொடுத்துப் பிழைத்த மனிதர். யந்திரம் படித்தவர் அல்லர்.

அவருடைய மகனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்துச் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான் போட்டிருப்பார்கள். கல் பாவிய வீதியில் ஓட்டினால் உடம்பெல்லாம் ஆட்டம் கண்டுவிடும். பிள்ளை படும் பாட்டைப் பார்த்தார் தகப்பன். 1887-இல் ஒரு மரத்தட்டை எடுத்து, அதைச் சுற்றி மெல்லிய ரப்பர் குழாயை வைத்து, மேலே துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினாலேயே காற்றை ஏற்றினார். பிறகு அதையும் கெட்டி ரப்பர் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் பாதி வழியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்துபோய் முட்டித் திரும்பியது!

ஆனால் அதை வண்டியில் மாட்டப் போனபோதுதான் சிக்கல். காற்று டயர் பருமனானது. பழைய வண்டியின் கவையோ ஒடுக்கமானது. டயர் எப்படி நுழையும்? மேலே இடிக்கும், பக்கத்தில் உரசும். டன்லப் டயரைச் சுருக்கவில்லை. கவை அகன்ற வண்டிகளை எட்லின் என்ற பெல்பாஸ்ட் பட்டறை செய்து கொடுத்தது. டயருக்குத் தக்க இடம் கிடைத்த பிறகே அது வீதிக்கு வந்தது.

1888-இல் காப்புரிமை பெற்றார். 1889 மே மாதம் வில்லி ஹியூம் என்ற பந்தயக்காரர் இந்தத் தடித்த டயரோடு பெல்பாஸ்ட் மைதானத்தில் இறங்கினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் நான்கு பந்தயத்திலும் ஜெயித்தார். சிரிப்பு நின்றது. அதே ஆண்டு டப்ளினில் ஹார்வி டு குரோஸ் தலைமையில் கம்பெனி பிறந்தது.

பிறகு விழுந்தது ஓர் அடி. ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே காற்றுச் சக்கரத்துக்கு உரிமை வாங்கியிருந்தார். அதனால் டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போயிற்று. ஆனாலும் கம்பெனி வளர்ந்தது. 1896-இல் 30 இலட்சம் பவுனுக்குக் கைமாறியது. டன்லப் அதற்கு முன்பே விலகிவிட்டார். பேர் அவருக்கு, பெரும் பணம் மற்றவர்களுக்கு! 1921 அக்டோபர் 23-இல், தம் 81-ஆம் வயதில் டப்ளினில் காலமானார்.

நமக்கும் அவருக்கும் என்ன உறவு? டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888-இல்தான் ரிட்லி சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு வந்தார். பால்மரம் நடச் சொல்லி ஊர் ஊராக வற்புறுத்தினார். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். சைக்கிளுக்குப் பின் மோட்டார் கார் வந்தது. டயர் கேட்டது உலகம். பாலுக்கு ஆள் கேட்டது மலாயா. நம்ம பாட்டன் பாட்டிமார் கப்பலேறிய கதையில் அந்த மாட்டு வைத்தியருக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி நம்ம வண்டிக்கு வருவோம். பின்னால் அகலமான டயர் போட இளைஞர்களுக்கு ஆசை. போடலாம், ஆனால் டன்லப்பைப் போல முதலில் இடத்தைப் பாருங்க. 80/90-17 டயரைக் கழற்றிவிட்டு 90/90-17 போட்டால் அகலம் 10 மில்லிமீட்டர் கூடும், பக்கத்துக்கு 5. உயரமும் 9 மில்லிமீட்டர் கூடும். இது எண்ணைப் பார்த்துச் சொல்லும் கணக்கு. ரிம்மின் அகலத்தையும் டயரின் அமைப்பையும் பொறுத்துக் கொஞ்சம் மாறும். உங்க ரிம் அந்த டயரை ஏற்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்க. டியூப்பும் டயருக்குத் தக்கதாக இருக்கணும்.

மாட்டியதும் காற்றைச் சரியாக ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துக் கையால் சக்கரத்தைச் சுற்றுங்க. செயின், செயின் மூடி, பிரேக் கம்பி, இரண்டு பக்கக் கவை, மட்கார்ட் ஆணி என்று ஒவ்வொன்றாகப் பாருங்க. செயினை இறுக்கும்போதும் தளர்த்தும்போதும் சக்கரம் முன்பின் நகரும்; ஆகவே சக்கரம் முன்னால் தள்ளி நிற்கும் நிலையிலும் பார்க்கணும். பிறகு இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து நன்றாக அமுக்குங்க. சும்மா நிற்கும்போது உரசாத டயர், பாரம் ஏறி வண்டி தாழும்போது மட்கார்டில் இடிக்கும். மழைக்காலத்தில் செம்மண் அப்பிக்கொள்ளும் இடத்தையும் கணக்கில் சேருங்க. மயிரிழை இடைவெளி போதாது.

உரசும் டயர் தேயும், கிழியும். பின்னால் மனைவி மக்கள் உட்கார்ந்திருக்கும்போது வெடித்தால் என்ன ஆகும்? இடம் போதாது என்றால் பழைய அளவே போதும். தன் பிள்ளைக்கு நோகக்கூடாது என்று ஒரு தகப்பன் செய்த பொருள் அது. நம்ம பிள்ளைகளுக்கும் அது நோவு தராமல் பார்த்துக்கொள்வோம்.