அடியும் வேண்டாம், மிட்டாயும் வேண்டாம்: அடையாறுக்கு வந்த மாண்டிசோரி யார்?

காலை எட்டரை மணி. புதுவயலில் ஒரு வீட்டு வாசலில் காரைக்குடி போகும் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்குது. உள்ளே நாலு வயசுப் பையன் ஷூ போட மாட்டேன்னு அடம். முதலில் கெஞ்சல், அப்புறம் சாக்லேட், கடைசியில் முதுகில் ஒரு அடி. பல வீடுகளில் இதுதான் நிலவரம். மூன்றுமே இல்லாமல் பிள்ளையை வழிக்குக் கொண்டுவரலாம் என்று காட்டியவர் மரியா மாண்டிசோரி. ஸ்கூல் போர்டுகளில் நாம் தினமும் பார்க்கும் அதே பெயர்தான்.

யார் இவர்?

1870-ல் இத்தாலியில் பிறந்தவர். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907-ல் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில், வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்.

அங்கே என்ன நடந்தது?

ஒரு நாள், குறும்பு செய்த பையனை ஆசிரியை தனியாக உட்கார வைத்திருந்தார். பதக்கம் வாங்கிய இன்னொரு பையன் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தான். பதக்கம் கீழே விழுந்ததைக்கூட அவன் கண்டுகொள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவன்தான் அதை ஆசையாக எடுத்து மாட்டிக்கொண்டான். மாண்டிசோரிக்குப் புரிந்தது இதுதான்: பிடித்த வேலை கையில் இருக்கும் குழந்தைக்குப் பரிசும் தேவையில்லை, தண்டனையும் தேவையில்லை.

அப்போ, பிள்ளைகள் இஷ்டத்துக்கு விட்டுடலாமா? இல்லை. அடுத்தவரைத் தொந்தரவு செய்தால் அங்கே தடுப்பார்கள். அந்தக் குழந்தையை மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்கும்படி தனியாக உட்கார வைத்து, உடம்பு சரியில்லாத பிள்ளையைப் போல அன்பாகக் கவனிப்பார்கள்.

சென்னை வந்தது எப்படி?

1939-ல், 69 வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் ஆசிரியர் பயிற்சி நடத்த அடையாறு வந்தார். மகன் மாரியோவும் கூட வந்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை முகாமில் அடைத்தார்கள்.

இந்தப் பிரிவு அவருக்குப் புதிதல்ல. திருமணமாகாமல் பிறந்த பிள்ளை என்பதால், மாரியோவைச் சின்ன வயதில் வேறு வீட்டில் வளர்க்கக் கொடுக்க நேர்ந்தது. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பள்ளி கண்டவர், தன் பிள்ளையின் குழந்தைப் பருவத்தை கூடவே இருந்து பார்க்கவில்லை. பல வருடம் அவரை வெளியுலகுக்கு மகன் என்று சொல்லவும் முடியவில்லை. 1940 ஆகஸ்ட் 31, மாண்டிசோரியின் 70-வது பிறந்தநாள். அன்று அரசு மாரியோவை விடுவித்தது.

போர்க்காலத்தில் இருவரும் கொடைக்கானலிலும் தங்கி வேலையைத் தொடர்ந்தார்கள். 1952-ல் நெதர்லாந்தில் மாண்டிசோரி காலமானார்.

இன்று நமக்கு என்ன?

பள்ளியில் குழந்தையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி தடை. வீட்டுக்குள் அது நம்ம கையில்தான் இருக்கு. பையன் தண்ணியைக் கொட்டிட்டானா? துணியை அவன் கையில் கொடுங்க, எப்படித் துடைக்கணும்னு ஒரு தடவை செய்து காட்டுங்க. ஷூவுக்கு அடமா? நாளைக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே எழுப்பி, அவனே போட்டுக்க விடுங்க. கொஞ்சம் லேட் ஆகும். வேன் ஹாரன் அடிக்கும். பரவாயில்லை.