வண்ணப் பெட்டி தந்த ஜே மைனர்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு பழைய கம்ப்யூட்டர். இன்று காலை செல்போனில் எடுத்த ஒரு போட்டோ. அந்தப் பெட்டியில் இந்தப் படம் தெரியுமா?

தெரியும்! வானத்தின் நீலம் தெரியும். குழந்தையின் கன்னத்துச் சிவப்பும் தெரியும். அமிகா என்ற பெட்டியில் இது முடியும்.

அமிகாவை உருவாக்கியவர் ஜே மைனர். அமெரிக்க நாட்டு என்ஜினீயர். அமிகாவின் தந்தை என்று உலகம் அவரை அழைக்கிறது. வாழ்நாளில் பெரும் பகுதி அவர் சிறுநீரக நோயால் துன்பப்பட்டார். அந்த உடம்போடுதான் இந்தப் பெட்டியை உருவாக்கினார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போட்டோவை அழகாகக் காட்டும் பகுதி எதுவோ, அதையே வேண்டாம் என்று எடுத்துவிட நினைத்தவர் அவர்!

கடலோரக் காவலில்

1932-ம் ஆண்டு மே மாதம் 31-ந்தேதி, அரிசோனா மாநிலத்தில் உள்ள பிரெஸ்காட் என்ற ஊரில் ஜே மைனர் பிறந்தார். வாலிப வயதில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் சேர்ந்தார். மின்னணுப் பாடத்தின் அரிச்சுவடியை அங்கேதான் கற்றார். பிறகு கலிபோர்னியா சென்று, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து, 1950-களின் இறுதியில் என்ஜினீயர் ஆனார்.

அப்போது சிப் என்ற பொருள் பிறந்த நேரம். சிப் என்பது விரல் நகம் அளவுள்ள சிலிக்கான் துண்டு. ஆயிரக்கணக்கான மின் இணைப்புகளை அதற்குள் அடைத்துவிடலாம். அந்தக் கலையில் மைனர் கைதேர்ந்தார். 1973-ம் ஆண்டில் சில நண்பர்களோடு சேர்ந்து, சைனர்டெக் என்ற சிப் கம்பெனியையும் தொடங்கினார்.

டெலிவிஷனில் விளையாட்டு

பிறகு அட்டாரி கம்பெனிக்கு வந்தார். வீட்டு டெலிவிஷனில் விளையாடும் பெட்டி ஒன்றை அந்தக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. படம் வரையும் சிப்பை உருவாக்கும் பொறுப்பு மைனரிடம் வந்தது.

அந்தப் பெட்டியின் நினைவகம் 128 எழுத்துக்களை மட்டுமே தாங்கும். ஒரு தபால் கார்டில் எழுதும் செய்திகூட அதில் அடங்காது! முழுப் படத்தை எங்கே வைப்பது?

படத்தை வைக்க வேண்டாம், ஒவ்வொரு வரியாக அவ்வப்போதே வரைந்துகொண்டு போகலாம் என்று வழி கண்டார்கள். 1977-ம் ஆண்டில் அந்தப் பெட்டி கடைக்கு வந்தது. கோடிக்கணக்கில் விற்றது. அடுத்து 1979-ல் வந்த அட்டாரி 400, அட்டாரி 800 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களும் அவரது குழுவின் வேலைதான்.

இருப்பதைக் கொண்டு இல்லாததையும் செய்வது எப்படி? அந்தப் பாடத்தை மைனர் இங்கே கற்றார்.

இதயத்துக்கு ஒரு சிப்

அந்த நேரத்தில் மோட்டரோலா 68000 என்ற புதிய சிப் வந்தது. அதை வைத்து ஒரு பெரிய கம்ப்யூட்டர் செய்யலாம் என்று மைனர் கேட்டார். அட்டாரி மேலிடம் சம்மதிக்கவில்லை. வேலையை விட்டார்.

அடுத்து அவர் போன இடம் சைமோஸ் என்ற கம்பெனி. அங்கே இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவிக்கு சிப் செய்தார். விளையாட்டுப் பெட்டி செய்த கை, உயிர் காக்கும் கருவி செய்தது.

பல் டாக்டர்கள் போட்ட பணம்

1982-ம் ஆண்டில் ஒரு நண்பர் அவரை அழைத்தார். புதிய கம்பெனி தொடங்கப் பணம் தயார். பணம் போடுகிறவர்கள் யார் தெரியுமா? பல் டாக்டர்கள்! வீடியோ விளையாட்டில் நல்ல லாபம் கிடைக்கும் என்று அவர்கள் நம்பினார்கள்.

மைனர் ஒத்துக்கொண்டார். தான் கனவு கண்ட கம்ப்யூட்டரை இங்கே செய்துவிடலாம் என்று எண்ணினார். கம்பெனிக்கு அமிகா என்று பெயர் வந்தது. ஸ்பானிஷ் மொழியில் தோழி என்று அர்த்தம்.

மைனரின் மேஜைக்குப் பக்கத்தில் மிச்சி என்ற அவரது நாய் எப்போதும் படுத்திருக்கும். அவர் இரவும் பகலும் சிப் வரைவார். நாய் துணை இருக்கும். பின்னாளில் கம்ப்யூட்டர் மூடியின் உட்புறத்தில், வேலை செய்தவர்களின் கையெழுத்தை அச்சு வார்த்தார்கள். அதில் மிச்சியின் கால் தடமும் இருக்கிறது!

வீட்டின் மேல் கடன்

1984-ம் ஆண்டு ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் பெரிய பொருட்காட்சி. ஆனால் சிப் இன்னும் தயார் ஆகவில்லை. சிப்புகள் செய்ய வேண்டிய வேலையை, கம்பிகள் பின்னிய பெரிய பலகைகளில் செய்து காட்டினார்கள். திரையில் சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட பந்து ஒன்று துள்ளிக் குதித்தது. பார்த்தவர்கள் நம்பவில்லை. பெரிய கம்ப்யூட்டரை மேஜைக்கு அடியில் ஒளித்திருக்கிறார்களோ என்று குனிந்து பார்த்தார்கள்.

புகழ் வந்தது. பணம் வரவில்லை. பல் டாக்டர்கள் கொடுத்த பணம் தீர்ந்துகொண்டே வந்தது. கம்பெனி மூழ்கிவிடாமல் இருக்க, மைனர் தம் வீட்டின் மேல் இரண்டாவது கடன் வாங்கினார்.

அதுவும் போதவில்லை. பழைய அட்டாரி கம்பெனியிடம் 5 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். ஜூன் மாத முடிவுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால் சிப்புகளின் உரிமை அட்டாரிக்குப் போய்விடும். கெடு நெருங்கியது. கடைசி நேரத்தில் கமோடோர் கம்பெனி கை கொடுத்தது. கடன் அடைந்தது. ஆகஸ்டு மாதத்தில் கமோடோர் அமிகாவையே விலைக்கு வாங்கிவிட்டது.

வேண்டாம் என்ற பகுதி

இனி அந்த வேடிக்கைக்கு வருவோம்.

திரையில் தெரியும் படம் வாசலில் போடும் கோலம் போன்றது. எல்லாம் புள்ளிகள். அமிகா திரையில் ஒரு வரிசைக்கு 320 புள்ளி. இப்படி 200 வரிசை. மொத்தம் 64,000 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கம்ப்யூட்டர் நினைவில் வைக்க வேண்டும்.

சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் கலந்தால் எல்லா நிறமும் வரும். அமிகாவில் ஒவ்வொன்றுக்கும் 16 படிகள். 16-ஐ 16-ஆல் பெருக்கி, மறுபடியும் 16-ஆல் பெருக்கினால் 4,096 நிறம். ஆனால் புள்ளிக்குப் புள்ளி முழு நிறத்தையும் எழுதி வைத்தால் நினைவகத்தில் 96,000 எழுத்துக்களின் இடம் போய்விடும். அந்தக் காலத்தில் நினைவகம் விலை உயர்ந்த பொருள்.

மைனர் ஒரு தந்திரம் செய்தார். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கைமாற்றாக வாங்குவது இல்லையா? அது போல, ஒரு புள்ளி தன் இடது பக்கத்துப் புள்ளியின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளும். கடன் வாங்க விருப்பம் இல்லாத புள்ளி, தயாராக வைத்துள்ள 16 நிறங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். இதனால் பாதி இடம் மிச்சம். 48,000 எழுத்துக்களின் இடத்தில் முழுப் படமும் அடங்கும். இந்த முறைக்கு ஹாம் என்று பெயர்.

இது விமானம் ஓட்டிப் பழகும் இயந்திரங்களைப் பார்த்த பிறகு அவருக்குத் தோன்றிய யோசனை. முதலில் வேறு ஒரு நிற முறைக்காக இதை வரைந்தார். பிறகு நிற முறை மாறியது. இனி இந்தத் தந்திரம் பயன்படாது என்று மைனர் நினைத்தார். சிப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

சிப் வரைபவர் தயங்கினார். அதை எடுத்தால் சிப்பின் நடுவில் பெரிய ஓட்டை விழும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டும். அதற்கு நேரம் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

திரையில் போட்டோ

1985-ம் ஆண்டு ஜூலை 23-ந்தேதி நியூயார்க்கில் அமிகா அரங்கேறியது. புகழ் பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடைக்கு வந்தார். பாடகி டெபி ஹாரியின் முகத்தைக் காமிரா பிடித்தது. அது திரையில் தெரிந்தது. வார்ஹோல் அதன் மேல் நிறம் தீட்டினார்.

அடுத்த ஆண்டில் டிஜி-வியூ என்ற கருவி வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்து, கறுப்பு வெள்ளை வீடியோ காமிராவில் மூன்று முறை படம் பிடிப்பார்கள். மூன்றையும் சேர்த்தால் ஹாம் முறையில் வண்ணப் போட்டோ! வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படி ஒரு படமா என்று மக்கள் அசந்து போனார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய பகுதியே பெட்டிக்குப் பெருமை தேடித் தந்தது.

இன்றைய படம், பழைய பெட்டி

பழைய அமிகாவைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். செல்போன் போட்டோவில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள்கூட இருக்கும். முதலில் புதிய கம்ப்யூட்டரில் அதை 64,000 புள்ளியாகச் சுருக்குகிறார்கள். 1 கோடியே 67 லட்சம் நிறங்களை 4,096 ஆகக் குறைக்கிறார்கள். பிறகு ஹாம் முறைக்கு மாற்றுகிறார்கள். பிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, பென் டிரைவில் இருந்து படத்தை ஏற்றுகிறார்கள்.

முகமும் வானமும் அழகாக வரும். அங்கே நிறம் மெல்ல மெல்ல மாறுவதால் கடன் வாங்குவது சுலபம். ஆனால் கறுப்புக்குப் பக்கத்தில் திடீரென்று வெள்ளை வந்தால் சிரமம். ஒரு தடவைக்கு ஒரு நிறம்தானே மாறும்? மூன்றும் மாற மூன்று புள்ளி வேண்டும். அதனால் ஓரங்களில் நிறம் கசிந்தது போலத் தெரியும். தயாராக இருக்கும் 16 நிறங்களை நன்றாகத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கசிவு குறையும்.

முடிவு

கமோடோர் கம்பெனியில் மைனரின் குழு நீண்ட காலம் நீடிக்கவில்லை. கலிபோர்னியா அலுவலகம் மூடப்பட்டது. மைனர் மறுபடியும் இதயக் கருவி செய்யும் வேலைக்குப் போனார்.

அவரது சிறுநீரகம் வேலை செய்யவில்லை. இயந்திரத்தின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வாழ்ந்தார். கூடப் பிறந்த சகோதரி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். அந்தத் தானத்தில் இன்னும் சில காலம் வாழ்ந்தார்.

1994-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந்தேதி கமோடோர் திவாலானது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 20-ந்தேதி ஜே மைனர் காலமானார். அவருக்கு வயது 62.

கம்பெனி போய்விட்டது. அவரும் போய்விட்டார். பெட்டி மட்டும் இருக்கிறது. அதை உருவாக்கியபோது, செல்போன் காமிரா என்ற ஒன்றை உலகம் கண்டதில்லை. ஆனாலும் இன்று பிறந்த குழந்தையின் படத்தை ஏற்றினால், அந்தச் சிறிய சிப் பக்கத்துப் புள்ளியிடம் நிறத்தைக் கடன் வாங்கி, முகத்தை வரைந்து காட்டிவிடும்.