செம்மண் தந்த சிற்பி

நுழையும்முன்

கல்லும் வெண்கலமும் சலவைக்கல்லுமே பெருஞ்சிற்பங்களுக்கு உரியவை என்று கருதப்பட்ட காலத்தில், சிமெண்டையும் செம்மண் சரளையையும் கொண்டு சிற்பம் படைத்தவர் ஒருவர். மன்னர்களும் தலைவர்களும் மட்டுமே சிலையாக நின்ற நாளில், பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் நடக்கும் ஓர் எளிய குடும்பத்தை ஆளுயரத்திற்கும் மேலாக நிறுத்தியவர். இந்திய நவீனச் சிற்பக்கலையின் முன்னோடியாகிய ராம்கிங்கர் பைஜின் வாழ்க்கை இங்குப் பாடமாகிறது.

இளமை

வங்காளத்தின் மேற்குப் பகுதியில் அமைந்தது பாங்குரா மாவட்டம். வறண்ட செம்புரை நிலம். மழை பொய்த்தால் வயலும் பொய்த்துவிடும். அங்கு 1906ஆம் ஆண்டு மே மாதம் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் ராம்கிங்கர் பிறந்தார். தூரிகையும் வண்ணமும் விலைகொடுத்து வாங்கும் நிலையில் வீடு இல்லை. எனினும், தெருவே அவருக்குக் கலைக்கூடமாக அமைந்தது. பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் மண்ணுருவம் செய்வோரின் முற்றங்களிலேயே அவர் கழித்தார். மூங்கிலை நட்டு, வைக்கோலைப் பிரியாகச் சுற்றி, அதன்மேல் களிமண்ணை அப்பி அவர்கள் துர்க்கையை எழுப்புவதை நாள்தோறும் கண்டார். வைக்கோலும் மண்ணுமாக இருந்தது சில நாளில் தெய்வமாகும். வழிபாடு முடிந்ததும் அத்தெய்வம் நீரில் கரைந்து மீண்டும் மண்ணாகும். இந்தக் காட்சி அச்சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

அம்மாவட்டத்தில்தான் விஷ்ணுபூர் உள்ளது. நல்ல கருங்கல் எளிதில் கிடைக்காத அந்நிலத்தில், மல்ல மன்னர்கள் செங்கல்லாலும் செம்புரைக்கல்லாலும் கோயில்களை எழுப்பினர்; சுவரெங்கும் சுடுமண் சிற்பங்களைப் பதித்தனர். கல் இல்லையே என்று கலை நின்றுவிடவில்லை என்பதற்கு அக்கோயில்கள் கண்கண்ட சான்றுகள்.

ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியபோது, ராம்கிங்கர் தேசத்தலைவர்களின் உருவப்படங்களை வரைந்து கொடுத்தார். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலைகளும் எழுதினார். ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழின் ஆசிரியர் இராமானந்த சட்டர்ஜியும் பாங்குராவைச் சேர்ந்தவரே. இளைஞரின் திறமையைக் கண்ட அவர், 1925இல் ராம்கிங்கர் சாந்திநிகேதனுக்குச் செல்ல வழிசெய்தார்.

கலாபவனத்தில்

இரவீந்திரநாத் தாகூர் நிறுவிய விசுவபாரதியின் கலைப்பள்ளி கலாபவனம். ஓவியர் நந்தலால் போஸ் அதன் தலைவராக விளங்கினார். ராம்கிங்கர் கொண்டுவந்த படங்களைப் பார்த்த நந்தலால், இனி இங்குக் கற்க இவருக்கு என்ன இருக்கிறது என்று வியந்ததாகவும், பின்னர் எதற்கும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்து பார்க்கட்டும் என்று சேர்த்துக்கொண்டதாகவும் கூறுவர். அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்நாள் முழுவதுமாக நீண்டன. மாணவராக நுழைந்தவர் ஆசிரியரானார். சிற்பத்துறையின் தலைவராகி 1971இல் ஓய்வு பெற்றார்.

கலாபவனத்தில் ஓவியத்திற்கு நல்ல அடித்தளம் இருந்தது. சிற்பத்திற்கு அத்தகைய மரபு இன்னும் உருவாகவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்து தங்கிய சிற்பியர் சிலரிடம் ராம்கிங்கர் உருவம் வனையும் நுட்பங்களைக் கற்றார். மற்றவை அவர் தாமே தேடிக்கொண்டவை. வெண்கலம் வார்க்கப் பொருள் வேண்டும். கல்லை நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். கையருகில் இருந்தவையோ கட்டட வேலைக்குரிய சிமெண்டும், காலடியில் கிடந்த செம்புரைச் சரளையும்தான்.

சிற்பத்திற்குரிய பொருள்கள் பத்து எனத் திவாகர நிகண்டு வகுத்திருப்பதை நாம் அறிவோம். கல், உலோகம் முதலியவற்றோடு மண்ணையும் சுதையையும் மெழுகையும் அது சேர்த்துக் கூறுகிறது. சிமெண்டு அப்பட்டியலில் இடம்பெற வழியில்லை. எனினும், நம் கோபுரங்களில் சுண்ணாம்புச் சாந்தால் உருவான சுதைச் சிற்பங்களைக் கண்டு பழகியவர்க்கு ராம்கிங்கரின் முறை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

சுஜாதை

1935இல் அவர் திறந்தவெளியில் அமைத்த ‘சுஜாதை’ மெலிந்து நெடிதுயர்ந்த பெண்ணுருவம். சென்னையில் பிறந்து கலாபவனத்தில் பயின்ற ஜெயா அப்பாசாமியின் தோற்றமே அதற்கு மாதிரி என்பர். சுற்றிலும் நெடுமரங்கள் நிற்க, அவற்றுள் தானும் ஒரு மரம்போல அப்பெண் நின்றாள். முதலில் அச்சிலைக்குப் புராணத் தொடர்பு ஏதுமில்லை. தலையில் ஒரு கலத்தை வைக்கலாமே என்று நந்தலால் கருத்துரைத்தார். கலம் ஏறியதும் ஆசிரமத்து மாணவி, தவத்தால் மெலிந்த சித்தார்த்தருக்குப் பாயசம் கொண்டுசென்ற சுஜாதையாக மாறினாள். முகத்தில் மாற்றமில்லை, உடலிலும் மாற்றமில்லை. ஒரு கலம் மட்டுமே கூடியது.

அச்சிலையைக் கண்ட தாகூர் அதனைச் செய்தவரை அழைத்தார். கண்டிப்பாரோ என்று அஞ்சிச் சென்ற ராம்கிங்கரிடம், ஆசிரமம் முழுவதையும் இத்தகைய சிற்பங்களால் நிரப்புமாறு அவர் பணித்தார் என்பது சாந்திநிகேதனில் இன்றும் சொல்லப்படும் செய்தி. பிற்காலத்தில் ஜெயா அப்பாசாமி தாமே ஓவியராகவும் கலை விமரிசகராகவும் உயர்ந்தார். இந்திய நவீனச் சிற்பம் குறித்தும் தஞ்சை ஓவியம் குறித்தும் நூல்கள் எழுதினார்.

சந்தால் குடும்பம்

ராம்கிங்கரின் பெயரை நிலைநிறுத்திய படைப்பு 1938இல் உருவான ‘சந்தால் குடும்பம்’. சாந்திநிகேதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் சந்தால் பழங்குடியினர் வாழ்கின்றனர். வேலை தேடிக் குடும்பத்தோடு அவர்கள் இடம்பெயர்வதை ராம்கிங்கர் அன்றாடம் கண்டார். சிற்பத்தில் ஆண் தோளில் காவடித்தண்டு சுமந்து நடக்கிறான். ஒரு கூடையில் குழந்தை, மறுகூடையில் உடைமைகள். தலையில் கூடையும் இடுப்பில் குழந்தையுமாகப் பெண் உடன் நடக்கிறாள். நாயும் கூடவே செல்கிறது. அவர்கள் யாருடைய இரக்கத்தையும் வேண்டி நிற்கவில்லை. நிமிர்ந்த தலையோடு முன்னோக்கி நடக்கிறார்கள். உழைக்கும் எளியோரைப் பொதுவெளியில் இத்துணைப் பெரிய உருவில் நிறுத்திய முதல் இந்திய நவீனச் சிற்பமாகக் கலை வரலாற்றாசிரியர்கள் இதனைக் கருதுகின்றனர்.

இதனை உருவாக்கிய முறையும் அறியத்தக்கது. இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு போன்ற சட்டகம் ஒன்றை முதலில் அமைத்தார். சிமெண்டோடு சரளையைக் கலந்து அதன்மேல் வீசி அப்பினார். கலவை இறுகத் தொடங்கும் வேளையில் வழித்தும் கீறியும் செதுக்கியும் உருவத்தைக் கொணர்ந்தார். களிமண்ணில் சேர்த்துச் சேர்த்து வளர்ப்பது வழக்கம். கல்லில் நீக்கி நீக்கிக் காண்பது வழக்கம். இக்கலவையில் இரண்டும் இயலும். ஆனால், நேரம் சிற்பிக்காகக் காத்திருக்காது. எண்ணமும் கையும் ஒருசேர விரைய வேண்டும். அந்த விரைவின் தழும்புகளைச் சிற்பத்தின் சொரசொரப்பான மேற்பரப்பில் இன்றும் காணலாம். அவற்றை மெழுகி மறைக்க அவர் முயலவில்லை. மறைத்திருந்தால் அம்மக்கள் நடக்கும் செம்மண் பாதையும் மறைந்திருக்கும்.

1956இல் படைத்த ‘ஆலை அழைப்பு’ இதன் தொடர்ச்சி. அரிசி ஆலையின் சங்கொலி கேட்டுப் பெண்கள் இருவர் ஓடுகின்றனர். துவைத்த சேலையை உலர்த்தவும் நேரமில்லை. ஓட்டத்திலேயே அது காற்றில் உலர்கிறது. சிமெண்டு போன்ற கனத்த பொருளில் காற்றைக் காட்டியது அவரது அருஞ்செயல்.

வழிபாட்டுக்குரிய சிலை எதையும் இவை ஒத்திருக்கவில்லை. ஆயினும், ஆன்மிகம் என்பதைக் கருவறைக்கு வெளியேயும் தேடியவர் அவர். சுஜாதையின் கலத்தில் கண்ட அருளை, கூடை சுமக்கும் சந்தால் தாயிடமும் அவர் கண்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இயக்கனும் இயக்கியும்

புதுதில்லி ரிசர்வ் வங்கியின் முகப்பில் நிற்கும் இயக்கன், இயக்கி சிலைகள் அவருடைய கல்வேலைக்குச் சான்று. குபேரனின் செல்வத்தைக் காப்போர் இயக்கர் என்பது பழைய நம்பிக்கை. ஆதலால் வங்கிக்கு அவ்வுருவங்கள் பொருந்தின. மதுரா அருங்காட்சியகத்தில் உள்ள பார்க்கம் இயக்கனையும், கொல்கத்தாவில் உள்ள பெஸ்நகர் இயக்கியையும் அவர் முன்மாதிரியாகக் கொண்டார். பழமையை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. இயக்கனின் கையில் தொழிற்சாலையின் பற்சக்கரத்தைக் கொடுத்தார். தகுந்த கல்லைத் தேடிக் காங்ரா பள்ளத்தாக்கு வரை செல்ல நேர்ந்தது. 1950களில் தொடங்கிய பணி 1967இல்தான் நிறைவுற்றது. ஆடையற்ற இயக்கியின் உருவம் குறித்து நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய வடிவமே அது என்பதைக் கேள்வி கேட்டவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்!

வழித்தோன்றல்கள்

ராம்கிங்கரின் மாணவர் சங்கோ சௌத்ரி 1949இல் பரோடா பல்கலைக்கழகம் சென்று சிற்பத்துறையை வளர்த்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, விடுதலைப் போரில் சிறைசென்றதால் படிப்பைத் தொடர இயலாமல் சாந்திநிகேதனை அடைந்தவர் கே.ஜி. சுப்பிரமணியன். அவரும் பரோடாவில் ஆசிரியரானார். சுடுமண் பலகைகளில் புதிய சிற்பங்கள் படைத்தார். அவரிடம் பயின்றவர் மிருணாளினி முகர்ஜி. ராம்கிங்கரின் உடன்பணியாளரான ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜியின் மகள் அவர். கல்லையும் உலோகத்தையும் விடுத்துச் சணல் கயிற்றைக் கையிலெடுத்தார். சாயமேற்றிய கயிற்றை முடிச்சு முடிச்சாகப் பின்னி, ஆளுயர வனதேவதைகளை உருவாக்கினார். அவற்றுள் ஒன்றின் பெயரும் இயக்கியே. ஆசிரியர் சரளையால் செய்ததை மாணவர் சரளையாலேயே செய்ய வேண்டியதில்லை என்பதை இத்தலைமுறை நன்கு உணர்ந்திருந்தது.

இறுதிக்காலம்

நாடு அவருக்கு 1970இல் பத்மபூஷண் விருது வழங்கியது. விருது வந்தபின்னும் வாழ்க்கை மாறவில்லை. கூரை வேய்ந்த வீடு; மழை பெய்தால் ஒழுகும். ஒழுகும் இடத்தில் தம் எண்ணெய் வண்ண ஓவியங்களையே செருகி வைப்பார். எண்ணெய் வண்ணம் நீர் புகாதது என்பது அவர் கண்ட பயன்! 1975இல் திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத் தொடங்கினார். அது முற்றுப்பெறுமுன் கட்டக் மறைந்தார்.

சிமெண்டும் சரளையும் வெண்கலம்போல் நெடுநாள் நிற்பவையல்ல. வெயிலும் மழையும் பட்டுச் சிற்பங்களில் விரிசல் கண்டது. இன்று சந்தால் குடும்பத்திற்கு மேலே கூரை அமைத்திருக்கிறார்கள். அவருடைய படைப்புகள் சில வெண்கலத்திலும் வார்க்கப்பட்டுள்ளன. வெண்கலத்தில் உருவம் பிழைக்கும். செம்மண் பிழைக்குமா என்று கேட்பவர்களும் உளர்.

1980இல் நோயுற்ற ராம்கிங்கர் கொல்கத்தாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். படுக்கையில் இருந்தபடியே சிறிது களிமண் பெற்று, சிறிய துர்க்கை உருவம் ஒன்றை வனைந்தார். அதுவே அவருடைய கடைசிப் படைப்பு என்பர். அவ்வாண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அவர் மறைந்தார்.