காத்திருந்த தாய்

ஒன்பது நாள் நவநாள் செய்துவிட்டுப் பத்தாம் நாளே பலனைத் தேடுகிறவர்கள் நாம். கேட்டது கிடைக்காவிட்டால், இறைவன் நம்மை மறந்துவிட்டாரோ என்று ஐயம் கொள்கிறோம். ஒரே வேண்டுதலுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீரோடு காத்திருந்த ஒரு தாயின் வரலாற்றை இங்கே காண்போம். அவர்தாம் புனித மோனிக்கம்மாள்.

வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில், ஏறக்குறைய கி.பி. 331-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த அவரைப் பத்ரீசியுஸ் என்ற பிற சமயத்தவருக்கு மணம் முடித்துக் கொடுத்தனர். கணவரோ முன்கோபி. அவருடைய கோபம் தணியும்வரை பொறுத்திருந்து, பின்னர் அமைதியாக எடுத்துச் சொல்வது மோனிக்கம்மாளின் வழக்கம். இறுதிக் காலத்தில் பத்ரீசியுஸும் ஞானஸ்நானம் பெற்றார்.

அவர்களுடைய மகன் அகுஸ்தீன் 354-ஆம் ஆண்டில் பிறந்தார். சிறந்த அறிவாளி. ஆனால் கார்த்தேஜ் நகரில் கல்வி கற்கச் சென்ற இடத்தில் ஒழுக்கம் தவறினார். மனிக்கேயர் என்போரின் தப்பறைக் கொள்கையிலும் சேர்ந்தார். தாயின் நெஞ்சம் நொறுங்கியது.

அந்நாளில் மோனிக்கம்மாள் ஒரு கனவு கண்டார். மரத்தாலான அளவுகோல் ஒன்றின்மேல் அவர் அழுதுகொண்டு நிற்கிறார். ஒளி பொருந்திய இளைஞர் ஒருவர் வந்து, அவர் நிற்கும் இடத்திலேயே மகனும் நிற்பதைப் பார்க்கும்படி சொல்கிறார். திரும்பிப் பார்த்தால் மகன் அருகில் நிற்கிறார்! இக்கனவைக் கேட்ட அகுஸ்தீன், தாய்தான் தம் கொள்கைக்கு வரப்போகிறார் என்று பொருள் சொன்னார். தாயோ சற்றும் தயங்காமல், தாம் நிற்கும் இடத்துக்கு மகன் வருவதாகவே சொல்லப்பட்டது என்று திருத்தினார். ஆயர் ஒருவரும், இவ்வளவு கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோக முடியாது என்று அவரைத் தேற்றி அனுப்பினார்.

வாக்குக் கிடைத்துவிட்டது, ஆனால் நிறைவேறவில்லை. ஆண்டுகள் கடந்தன. 383-ஆம் ஆண்டில் அகுஸ்தீன் ரோமைக்குப் புறப்பட்டார். அவரைப் போகவிடாதிருக்குமாறு மோனிக்கம்மாள் கடற்கரை அருகில் இருந்த புனித சிப்ரியானின் சிற்றாலயத்தில் இரவெல்லாம் இறைவனிடம் மன்றாடினார். மகனோ தாயை ஏமாற்றிவிட்டு அந்த இரவிலேயே கப்பலேறினார். விடிந்ததும் கரையில் நின்று கதறிய அந்தத் தாய்க்கு, இறைவன் தம் மன்றாட்டைத் தள்ளிவிட்டதாகவே தோன்றியிருக்கும் அல்லவா?

ஆனால் நடந்தது என்ன? ரோமையிலிருந்து மிலான் நகருக்குச் சென்ற அகுஸ்தீன், அங்கே ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகளைக் கேட்டார். மனம் மாறத் தொடங்கிற்று. எந்தப் பயணத்தைத் தடுக்கும்படி தாய் கேட்டாரோ, அந்தப் பயணமே மகனை இறைவனிடம் சேர்த்தது. சிறிய மன்றாட்டை மறுத்த இறைவன் பெரிய மன்றாட்டைக் கேட்டருளினார்.

மோனிக்கம்மாளும் அழுதுகொண்டே வீட்டில் இருந்துவிடவில்லை. மகனைத் தேடிக் கடல் கடந்தார். வழியில் புயல் எழுந்தபோது, பயணிகளைத் தேற்ற வேண்டிய மாலுமிகளையே அவர் தேற்றினார்! 387-ஆம் ஆண்டு பாஸ்கா திருவிழிப்பில் அம்புரோசியாரின் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ணாரக் கண்டார்.

அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில், தமது 56-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கணவரின் கல்லறை அருகே தம்மை அடக்க வேண்டும் என்ற பழைய ஆசையையும் விட்டுவிட்டார். எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தில் தம்மை நினைவுகூர வேண்டும் என்பதே அவர் பிள்ளைகளிடம் கேட்டது.

அன்புத் தோழியரே, தாமதம் மறுப்பு ஆகாது. நாம் கேட்ட வழியில் இறைவன் வராவிட்டாலும், வேறு வழியில் வந்துகொண்டுதான் இருப்பார். ஆகஸ்டு 27 மோனிக்கம்மாளின் திருநாள். மறுநாளே புனித அகுஸ்தீனாரின் திருநாள். அன்று கடற்கரையில் தனியே விடப்பட்ட தாயின் அருகில், திருச்சபையின் நாட்காட்டியில் இன்று மகன் நிற்கிறார். கனவில் கண்டது போலவே!